வழியில் கழியும் வாழ்நாள்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீரோடும் ஆறு என்பது மட்டும் பொருளன்று; வழி என்பதும் அதன் பொருளேயாகும். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதை நம் மாணவர்கள் நன்கறிவர். தாம் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுமாறு, வழியிடை எதிர்ப்பட்டவரை ஆற்றுப்படுத்துவதே அந்நூல்களின் உயிர்நிலை. எதிரே வருபவரை உறவாக எண்ணிய இலக்கியம் அது.

இன்றோ நல்லூரிலிருந்து காங்கயம் சாலை வழியே காலை எட்டு மணிக்குத் திருப்பூர் நோக்கிப் புறப்படும் ஒருவர்க்கு எதிரே வருபவரும் இடையூறு. முன்னே செல்பவரும் இடையூறு. பின்னே ஒலிப்பான் அழுத்துபவரோ பகைவர். இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? இதனை ஊழ் என்று பொறுத்துக்கொள்வதா? அல்லது மாற்றத்தக்கதோர் குறை என்று கருதி முயல்வதா? மாற்றத்தக்கதே என்பது நம் கருத்து. அக்கருத்தினை இம்மலர் வாயிலாக மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் முன்னிலையில் வைக்க விழைகிறோம்.

நிலமும் நெருக்கடியும்

கொங்கு நாடு வழிகளுக்குப் பெயர் பெற்ற நாடு. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ எனச் சுட்டும் ஊர், நொய்யற் கரையில் சென்னிமலைக்கு அருகே கொடுமணல் என்னும் பெயரால் இன்றும் விளங்குகின்றது. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வந்த வணிகர் இவ்வாற்றங்கரையை ஒட்டியே நடந்தனர். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூரில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் பொறித்த சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. வழிக்கே பெயர் சூட்டிக் கல்லில் வெட்டிய நிலம் இது.

அந்நொய்யலே இன்று திருப்பூர் நகரின் குறுக்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு வடபால் இருப்புப்பாதை செல்கிறது. தென்பாலுள்ள நல்லூரினர் புகைவண்டி நிலையத்தை அடைய வேண்டின் ஆற்றைக் கடத்தல் வேண்டும். பெருமாநல்லூர்ச் சாலையிலுள்ள புதிய பேருந்து நிலையத்தை அடைய வேண்டின் இருப்புப்பாதையையும் கடத்தல் வேண்டும். காங்கயம், தாராபுரம், பல்லடம், மங்கலம், அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி எனச் சாலைகள் பல திசைகளிலிருந்து வந்து நகரின் நடுவே கூடுகின்றன. பாலங்கள் சில, கடப்போர் பலர். எனவே ஒரு பாலத்தின் மீது ஒரு சரக்கு வண்டி பழுதுபட்டு நின்றால், நகரில் பாதி நின்றுவிடுகிறது.

நல்லூர் நகராட்சி 2011 ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. அதற்கு முன்பே, 2009 இல், திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. ஊர் மாநகரின் உறுப்பாயிற்று; ஆயினும் தனி ஊராக இருந்த காலத்தில் வகுக்கப்பட்ட சாலையின் அகலமே பல இடங்களில் இன்றும் நமக்கு வாய்த்திருக்கிறது.

துணியும் பயணம் செய்கிறது

பிற நகரங்களில் மனிதர் மட்டுமே பணிக்குப் போய் வருவர். திருப்பூரிலோ துணியும் நாள்தோறும் பயணம் செய்கிறது. நூல் ஓரிடத்தில் பின்னப்படுகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்குச் செல்கிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பின்னர்ப் பிரிண்டிங், கட்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல நிலைகளைக் கடக்கிறது. இவையனைத்தும் ஒரே கூரையின் கீழ் நிகழும் நிறுவனங்கள் உண்டு. ஆயினும் பெரும்பாலும் வேலை பல சிறு கூடங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆதலின் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெட்டக லாரியில் ஏறுமுன் ஒரு பனியன் நம் தெருக்களைப் பலமுறை சுற்றி வந்துவிடுகிறது.

பல சிறு முதலாளிகளை வாழ்விப்பது இம்முறையே. இதனைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. துணி உருளைகளைச் சுமந்து செல்லும் சிறு வண்டியும், தொழிலாளரை ஏற்றிச்செல்லும் நிறுவன வேனும், பள்ளி வண்டியும், நகரப் பேருந்தும், நம் இருசக்கர வண்டியும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில், ஒரே பாலத்தில் சந்திக்கின்றன என்பதே நாம் சுட்ட விரும்பும் செய்தி. காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் தொடங்குகிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் தொடங்குவது ஏறத்தாழ அதே வேளையில்தான். சனிக்கிழமை மாலை வாரச்சம்பளம் பெற்றவர் கூட்டமும் கடைவீதிக் கூட்டமும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. நெருக்கடி வானிலிருந்து விழுவதன்று. கடிகாரத்தில் நாமே குறித்துவைத்தது.

பேருந்தும் படிக்கட்டும்

ஒரு மாணவர் கல்லூரிக்கு வர ஒரு மணி நேரமும், வீடு திரும்ப ஒரு மணி நேரமும் செலவிடுகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 180 வேலை நாட்கள் எனக் கணக்கிட்டால் 360 மணி நேரம் வழியில் கழிகிறது. அஃது இரவும் பகலுமாக 15 முழு நாட்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 45 நாட்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரப் பாடம் எனக் கொண்டால், ஆண்டுதோறும் 72 நாள் பாடத்துக்கு ஈடான பொழுதை அம்மாணவர் பேருந்தில் நின்றபடி இழக்கிறார். தொழிலாளியின் நிலை இதனினும் கொடிது. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்னும் பன்னிரண்டு மணி நேர வேலையோடு இரண்டு மணி நேரப் பயணமும் சேர்ந்தால், உறங்கவும், சமைக்கவும், பிள்ளை முகம் பார்க்கவும் அவருக்கு எஞ்சுவது பத்தே மணி நேரம்.

முதற் பாடவேளையில் வகுப்பறை வாயிலில் மூச்சிரைக்க வந்து நிற்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். “ஐயா, பஸ் நிற்கவில்லை” என்பது அவர் கூறும் விடை. அதனைச் சாக்குப்போக்கென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், நிறைந்து வழியும் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிச் சென்று நிற்பதும், பாதிப்பேர் ஏறுமுன் புறப்படுவதும் நம் கண்முன் நிகழ்வனவே. வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என எழுதும் நம் பேனா, அவர் ஏழு மணிக்கே நிறுத்தத்தில் வந்து நின்றதைப் பதிவு செய்வதில்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்படுகிறது. தையற்கூடத்துக்குச் செல்லும் பெண்ணின் வாரச்சம்பளத்தில் ஒரு பகுதியை இத்திட்டம் மீட்டுத் தந்திருக்கிறது. கல்லூரிக்கு வரும் மாணவியரின் தந்தையர்க்கும் அது பெருந்துணை. ஆனால், பயணச்சீட்டுக்குக் காசு தராதவர் என்பதனால் மகளிர் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நில்லாமற் போகுமானால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தலே அன்றோ? உரிமையாக வழங்கியதை இரக்கமாகக் கருதுவோர் எண்ணத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஏற இடமில்லாத வண்டியில் இளைஞர் படிக்கட்டில் தொங்குகின்றனர். அதனை வீரம் எனக் கருதுவோரும் உளர். வேறு வழியின்றித் தொங்குவோரும் உளர். சாவுக்கு இவ்விருவரிடையே வேறுபாடு தெரியாது. 2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடி அருகே படிக்கட்டில் தொங்கிச் சென்ற மாணவர் நால்வர் உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. நான்கு வீடுகளில் விளக்கு அணைந்த பிறகே நாடு விழித்தது. அடுத்ததோர் இழப்பு நேரும்வரை காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது.

இருப்புப்பாதைப் பயணம்

கோவைக்கும் ஈரோட்டுக்கும் பணியின் பொருட்டும் படிப்பின் பொருட்டும் நாள்தோறும் செல்வோர் பலர். அவர்கள் முதலில் இருசக்கர வண்டியில் நிலையம் சேர்ந்து, அதனை நிறுத்த இடந்தேடி, பின்னரே வண்டி ஏறுகின்றனர். பொதுப்பெட்டியில் கால் வைக்க இடமிருந்தால் அன்றைய நாள் நன்னாள். விரைவு வண்டிக்கு வழிவிட்டு, சாதாரண வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்கும். நிற்கும் காரணத்தை எவரும் சொல்வதில்லை. எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தெரிவதில்லை. காத்திருத்தலினும் கொடிது, எவ்வளவு காத்திருத்தல் என்பதை அறியாதிருத்தலே.

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பயணியர் வண்டிகள் பின்னர் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, விரைவு வண்டி என்னும் பெயரோடு ஓடின. பெயர் மாறியது, வேகம் மாறவில்லை. ஆனால் குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது. அடுத்த ஊருக்குச் சென்று வரும் கூலித் தொழிலாளி அதுவரை மும்மடங்கு கொடுத்தார். 2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோவைக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத் வண்டி திருப்பூரிலும் நின்று செல்கிறது. அதனை வரவேற்கிறோம். எனினும், ஆண்டுக்கு ஒருமுறை தலைநகர் செல்பவரின் விரைவுக்குக் கிட்டும் கவனத்தில் ஒரு பங்கேனும், நாள்தோறும் ஊத்துக்குளிக்கும் சோமனூருக்கும் சென்று வருபவரின் நேரத்துக்கும் கிட்டுதல் வேண்டும் என்பது நம் விழைவு.

இருசக்கர வண்டியும் காரும்

பேருந்தும் புகைவண்டியும் கைவிட்டவர் இருசக்கர வண்டியைத் தஞ்சம் அடைகின்றனர். அத்தஞ்சத்தின் விலை யாது? மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்; ஏறத்தாழ 19 பேர் நடந்து சென்றவர். அதாவது மாண்டவருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், கூண்டும் கூரையுமில்லாத எளிய பயணிகள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்னும் அளவோடு நம் தமிழ்நாடே நாட்டில் முதலிடத்தில் நின்றது. பெருமை கொள்ளத்தக்க முதலிடமோ இது?

தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு செல்லும் இளைஞரைக் காணும்போது நெஞ்சம் பதைக்கிறது. காவலர் நிற்கும் சந்திப்பில் மட்டும் அது தலைக்கு ஏறுகிறது. காவலர்க்கு அஞ்சிக் காக்கப்படுவது ஆயிரம் ரூபாய்த் தண்டம். காக்கப்பட வேண்டியதோ தலை. இன்னும் மீசை அரும்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, “பையன் நன்றாக ஓட்டுகிறான்” என மகிழும் தந்தையரும் நம்மிடையே உளர். 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய்த் தண்டத்துக்கும் உரியர் என 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டத்தை விடுங்கள், தந்தையின் தோளிலேறி மகன் பயணம் போகும் கொடுமையைத் தண்டத் தொகையால் அளக்க முடியுமா?

வசதியுடையோர் காரில் செல்கின்றனர். அவர்க்கும் நிம்மதியில்லை. மூன்று கார்கள் அடைத்துக்கொள்ளும் நீளத்தில் ஒரு பேருந்து நின்றுவிடும். அப்பேருந்தில் ஐம்பது பேருக்கு மேல் செல்வர். அம்மூன்று கார்களில் பெரும்பாலும் மூவரே செல்வர். ‘ஏன் இத்தனை கூட்டம்?’ என்று காரினுள் அமர்ந்து சலித்துக்கொள்பவர் தாமும் அக்கூட்டத்தின் ஒரு பகுதி என்பதை எண்ணுவதில்லை. சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் தீரும் என்பர் சிலர். அகலப்படுத்திய சாலையின் இருமருங்கும் சின்னாட்களில் வண்டி நிறுத்துமிடமாக மாறிவிடுவதை நாம் காணாமலில்லை.

வழியின் உரிமை

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், மதுரை நோக்கி நடக்கத் துணிந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கின்றார். வயல் வழியே சென்றால் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட்டுத் துன்புறக்கூடும் என்று அச்சமணத் துறவியார் கவல்கின்றார். தமக்கு வரும் துன்பத்தை மட்டுமன்றித் தம்மால் வரும் துன்பத்தையும் எண்ணியவர் அவர். வழியொழுக்கம் என்பது இதுவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வழியில் கிடந்து இடர் விளைக்கும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக வைத்துப் போதித்தார்கள். பாதையில் அமர்வதைத் தவிர்க்குமாறும், தவிர்க்க இயலாதெனில் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறும் தோழர்களைப் பணித்தார்கள். பிறர்க்குத் துன்பம் தராதிருத்தல் அவ்வுரிமைகளுள் ஒன்று. பாதைக்கும் உரிமையுண்டு என்னும் இவ்வரிய கருத்தை நாம் ஏட்டளவில் நிறுத்திவிட்டோமோ என ஐயுறுகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் பள்ளிவாசலின் முன் சாலையை அடைத்து வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே செல்கிறோம். அவ்வேளையில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து தடைப்படுமாயின், உள்ளே நாம் செய்யும் வணக்கத்தின் நிலை என்ன? திருமண மண்டபங்களின் முன்னும், திருவிழாக்களின் போதும், அரசியல் ஊர்வலங்களின் போதும் எல்லாச் சமுதாயத்தாரும் இதனையே செய்கின்றனர் என்பது உண்மை. ஆனால், பிறர் செய்கின்றனர் என்பது நமக்கு விடையாகாது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவர்க்குப் பத்தாயிரம் ரூபாய்த் தண்டம் என்பது நாட்டின் சட்டம். நமக்கோ அதற்கும் முன்பே கட்டளை உண்டு.

செய்யத்தக்கன

குறை கூறுவதோடு நின்றுவிடாமல், செய்யத்தக்கன சிலவற்றையும் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, நேரத்தைப் பகிர்தல். கம்பெனிகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரே அரைமணியில் தொடங்க வேண்டும் என்பது வேதவாக்கன்று. மாவட்ட நிருவாகமும், தொழில் அமைப்பினரும், கல்வி நிறுவனத்தாரும் ஒரு முறை கூடிப் பேசி, தொடக்க நேரங்களை அரை மணி முன்பின்னாக அமைத்துக்கொண்டால், ஒரு செங்கல்லும் வைக்காமலேயே ஒரு பாலம் கட்டிய பயன் கிட்டும்.

இரண்டாவதாக, அந்நேர மாற்றம் கைகூடும் வரையிலேனும், நெடுந்தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவர்க்கு முதற் பாடவேளையில் பத்து நிமிடம் சலுகை அளித்தல். காலந்தவறாமை உயர்ந்த பண்பே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் சொந்த வண்டியுடையவர்க்கு எளிதாகவும் இல்லாதவர்க்கு அரிதாகவும் அமையும் விதி, காலந்தவறாமையை அளப்பதில்லை, செல்வத்தையே அளக்கிறது. நம் கல்லூரி ஆட்சிக் குழுவினர் இதனை அன்போடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வழிகாட்டும் பலகைகள். தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என எழுத்தில் கூறுகிறது. அதனோடு நில்லாமல் இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் அதன்கண் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவனும் விரலால் தடவி, இருளிலும் தொலைவை அறியலாம். எத்தகைய கருணை அது! இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊருக்குப் பிழைக்க வந்தோர் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாமல் ஒவ்வொருவரையும் கேட்டு அலைகின்றனர். தடத்துக்குரிய எண்ணைப் பெரிதாகவும், திசைக்கொரு வண்ணமாகவும் எழுதினால் போதும். தமிழுக்கு ஒரு குறையும் வாராது. அவர்க்கு வழி கூறுதல் நம் காலத்து ஆற்றுப்படை.

நான்காவதாக, மஹல்லா ஜமாஅத்துப் பெரியோர், தொழுகை வேளைகளில் வண்டிகளை ஒழுங்குபடுத்த இளைஞர் சிலரை அமர்த்துதல் வேண்டும். பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள வெற்றிடங்களை உரியவரிடம் கேட்டுப் பெற்று வண்டி நிறுத்தப் பயன்படுத்தலாம். 18 வயதுக்குட்பட்டோர் வண்டியோட்டுவதைத் தடுக்குமாறு ஜும்ஆ உரையில் எடுத்துரைக்கலாம். அவ்வுரை காவல்துறை அறிவிப்பினும் ஆழமாக நெஞ்சில் பதியும்.

ஐந்தாவதாக, ஆசிரியராகிய நாம் ஒரே திசையிலிருந்து தனித்தனி வண்டிகளில் வருவதைத் தவிர்த்து, இயன்றவரை சேர்ந்து வருதல். மாணவர்க்குக் கூறுவதை நாம் செய்து காட்டும்போதுதான் அது பாடமாகிறது.

அரசு செய்ய வேண்டியன பல உள. காலையிலும் மாலையிலும் கூடுதல் நகரப் பேருந்துகள், கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே பணிவேளைக்கேற்ற சாதாரண வண்டிகள், நடப்பார்க்கு நடைபாதை ஆகியவற்றை நாம் இடைவிடாது கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆயினும், கேட்கும் உரிமை உடையவர் கொடுக்கும் கடமையும் உடையர். வழி என்பது அரசு போட்ட தார் மட்டுமன்று. அதில் செல்வோர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இடமுமாகும்.

மாணவ மணிகளே! நீங்கள் நாளை அலுவலராகவும், தொழில் முனைவோராகவும், ஆசிரியராகவும் இந்நகரின் நேரத்தை வகுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அன்று, நிறுத்தத்தில் நின்று தவித்த இந்நாட்களை மறவாதீர்கள். இன்றோ, தலைக்கவசம் அணிந்து, படிக்கட்டைத் தவிர்த்து, முதியவர்க்கு இருக்கையும் எதிர்வருபவர்க்கு வழியும் தந்து, காலையில் புறப்பட்டவாறே மாலையில் நலமாக வீடு திரும்புங்கள். உங்கள் அன்னையர் வாயிலில் நின்று வேண்டுவது அதனையே. வகுப்பறையில் காத்திருக்கும் நாம் வேண்டுவதும் அதனையே.